விற்ற நிலத்தில் காவலாளி: ‘ஏறுவெயில்’, ‘முள்ஷி பேட்டர்ன்’ ஆகியவற்றில் நிலமும் குடியிருப்பும்

தமிழ்ப் புனைகதைத் திறனாய்வில் நிலம் என்னும் சொல் நெடுங்காலமாக இரு பொருள்களில் வழங்கி வருகிறது. திணைக் கோட்பாட்டின் வழியே அது முதற்பொருள். வட்டார இலக்கிய ஆய்வுகளின் வழியே அது கதை நிகழும் களம். இரண்டிலும் நிலம் விளைகிறது, காய்கிறது, மாந்தரின் இயல்பை உருவாக்குகிறது. அதே நிலம் அளந்து வகைப்படுத்தப்படுவதும், வகை மாறியதும் அதன் விலை பன்மடங்காவதும், அம்மாற்றத்தை யார் முன்னரே அறிந்திருந்தார் என்பதும் திறனாய்வின் கண்ணுக்கு அரிதாகவே படுகின்றன. இவற்றை நகரமைப்புத் துறைக்கும் வருவாய்த் துறைக்கும் உரிய செய்திகள் என ஒதுக்கிவிடும் போக்கே மிகுதி. நகரை ஒட்டிய வேளாண் நிலம் குடியிருப்பாக மாறுவதைப் பேசும் படைப்புகளை இவ்வொதுக்கலோடு படிக்கும்போது அப்படைப்புகளின் வலிமையும் புலப்படுவதில்லை, குறையும் புலப்படுவதில்லை.

பெருமாள்முருகனின் முதல் நாவலான ‘ஏறுவெயில்’ 1991 இல் வெளிவந்தது. பிரவீண் தர்டே இயக்கிய ‘முள்ஷி பேட்டர்ன்’ என்னும் மராத்தித் திரைப்படம் 2018 நவம்பரில் திரைக்கு வந்தது. மொழி, வடிவம், காலம் ஆகிய மூன்றாலும் வேறுபட்ட இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவதற்கு அடிப்படை ஒன்றுண்டு. இரண்டும் வீடு கட்டுவதற்காக நிலம் கைமாறிய உழவர் குடும்பத்தின் கதைகள். முன்னதில் மூதாதையர் நிலத்தில் குடியிருப்பு ஒன்று எழும்ப, குடும்பம் சிறிய இடத்துக்குப் பெயர்கிறது. அதன்பின் உறவுகள் ஒவ்வொன்றும் பணத்தின் முன்னும் பொறாமையின் முன்னும் தடுமாறுவதைச் செல்வன் என்னும் சிறுவன் பார்த்து வளர்கிறான். பின்னதில் ஒருகாலத்தில் ஊர்ப் பாட்டீலாக இருந்த சகாராம், புனே நகருக்கு மேற்கே முள்ஷி வட்டத்தில் தமக்கிருந்த நிலத்தை விற்று, கைக்கு வந்த பணமும் கரைந்தபின், அதே நிலத்தில் எழுந்த மாளிகைக்குக் காவலாளியாகிறார். பின்னர் அதுவும் இயலாமல் குடும்பம் புனே சந்தை வளாகத்துக்கு மூட்டை தூக்க வருகிறது. மகன் ராகுல் அடியாளாகித் தாதாவாகிறான்.

விற்ற நிலத்துக்கே காவலாளியாக நிற்கும் சகாராமின் உருவம் இப்படத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு எனலாம். மோகன் ஜோஷி அவ்வுருவத்தை மிகை அழுகையின்றித் தாங்குகிறார். படத்தின் எஞ்சிய பகுதியில் பெரும்பங்கு துப்பாக்கிக்கும் பழிவாங்கலுக்கும் போய்விடுகிறது. 2021 இல் ‘அந்திம்’ என்ற பெயரில் இந்தியில் மறு ஆக்கம் பெற்றபோது காவல் அதிகாரியின் பாத்திரம் பெருத்து, நிலச் செய்தி மேலும் மெலிந்தது. மூலப் படத்திலேயே இச்சரிவுக்கு விதை உண்டு என்பது பின்னர் விளக்கப்படும்.

பாலை என்னும் படிமம்

நிலமிழப்புக் கதைகளைப் பாலைத்திணையோடு பொருத்திக் காண்பது கல்விப்புலத்தில் எளிதாகக் கைவரும் முறை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையின் வடிவம் கொள்ளும் என்னும் சிலப்பதிகாரக் கருத்து இதற்கு மேற்கோளாகிறது. ‘ஏறுவெயில்’ என்னும் தலைப்பே இப்பொருத்தத்தை அழைப்பது போல் நிற்கிறது. எனினும் இது பாதி வழிதான் செல்லும். இலக்கணம் கூறும் திரிபு வேனிலால் நேர்வது. மழை வந்தால் நிலம் தன் இயல்புக்கு மீளும். பிரிவும் அவ்வாறே மீட்சியை எதிர்நோக்கிய பிரிவு. வேளாண் மண்டலம் என்ற வகையிலிருந்து குடியிருப்பு மண்டலம் என்ற வகைக்கு ஒரு புல எண் மாற்றப்படுமாயின் அதற்கு வேனிலும் இல்லை, மழையும் இல்லை. அன்றியும் அந்நிலம் வறள்வதில்லை. முன்னைவிட வளம் கொழிக்கிறது. குழாய் நீர், சாலை, மின்விளக்கு, புல்வெளி எல்லாம் வருகின்றன. வளம் கூடிய இடத்தில் முன்பிருந்தவர் நிற்க இடமில்லை என்பதே இக்கதைகளின் கொடுமை. பாலைப் படிமம் அக்கொடுமையை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறது.

திணைக்கு மாறாக, ஊரமைப்பை விரித்துரைக்கும் இந்திரவிழவூரெடுத்த காதையை இங்கு நினைவுகூர்வது பயன் தரும். புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் யார் யார் இருந்தனர், பட்டினப்பாக்கத்தில் யார் யார் இருந்தனர் என அக்காதை வகுத்துச் சொல்கிறது. கடல்வழி வந்தோரும் கைவினைஞரும் சிறுபொருள் விற்போரும் ஒரு பக்கம். அரச வீதியும் பெருங்குடி வணிகரும் மறுபக்கம். உரையாசிரியர் மரபு இதனை நகரின் சிறப்பாகவே கண்டது. நிலத்தின்மேல் கோடு கிழித்து இன்னார்க்கு இவ்விடம் என்று வகுப்பதைப் புனைகதைத் திறனாய்வு பேச முற்படுமாயின் தொடங்குவதற்குரிய இடம் இக்காதையே, பாலை அன்று.

வரைபடத்தில் ஒரு கோடு

புனேயின் செய்தியை அறியாமல் சகாராமின் வீழ்ச்சியை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது. மகாராட்டிர மண்டல, நகரமைப்புச் சட்டம் 1966 ஆம் ஆண்டினது. மாநகராட்சி எல்லைக்குள் வளர்ச்சித் திட்டமும், அதற்கு வெளியே மண்டலத் திட்டமும் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பயன்பாட்டை விதிக்கின்றன. குடியிருப்பு மண்டலத்தில் மனைப்பரப்புக்கு இணையாகவோ மிகையாகவோ தளப்பரப்புக் கட்டலாம். வேளாண் மண்டலத்திலும் வளர்ச்சி தடைசெய்யப்பட்ட மண்டலத்திலும் மிகச் சிறிய அளவே இசைவு பெறும். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு ஒன்று என்றால், சாலைக்கும் திறந்தவெளிக்கும் விட்டது போக, அவ்வளவு பரப்புக்கு அடுக்ககம் எழும். வேளாண் மண்டலமாயின் அதே ஏக்கரில் ஒரு பண்ணைவீடுதான். மண்ணின் தன்மை ஒன்றே; நடுவில் நிற்பது திட்ட வரைபடத்தின் ஒரு வண்ணம். மராத்திய உழவர் தம் நில உரிமைக்குச் சான்றாகப் போற்றுவது ‘சாத்பாரா’ எனப்படும் ஏழு–பன்னிரண்டு படிவம். தமிழகத்துப் பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றுக்கு நிகரானது. அப்படிவத்தில் நிலத்தின் வகை மண்டலம் பற்றிய வரவிருக்கும் செய்தி எதுவும் இராது. வரப்போகும் வண்ணத்தை அறிந்தவர் வாங்குகிறார். படிவத்தை மட்டும் அறிந்தவர் விற்கிறார்.

முள்ஷி வட்டத்தில் இது எவ்வாறு நடந்தது என்பதற்குப் பொதுப் பதிவில் உள்ள சான்றுகள் போதும். ஹிஞ்சவடியின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அவ்வட்டத்திலேயே அமைந்தது. அதற்கு நிலம் எடுத்தது மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம். 1996 நவம்பரில் மாநில அரசு மலை வாழிடங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. அவ்விதிகளின் நிழலில் முள்ஷி, வேல்ஹே வட்டங்களின் மலைச்சரிவில் லவாசா என்னும் நகரம் தோன்றியது. 2010 நவம்பரில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் பணிகளை நிறுத்தக் கட்டளையிட்டதும், 2018 இல் அந்நிறுவனம் நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்கு உள்ளானதும் அறிந்த செய்திகள். 1997 இல் புனே மாநகராட்சியோடு சுற்றுப்புறச் சிற்றூர்கள் இணைக்கப்பட்டன. 2017 இல் மேலும் 11, 2021 இல் மேலும் 23. ஒவ்வோர் இணைப்பும் ஒரு புது வரைபடம். ஒவ்வொரு வரைபடமும் ஒரு விலைப் பட்டியல்.

திரைப்படம் இவற்றுள் எதையும் காட்டுவதில்லை. அதில் நிலத்தை வாங்குபவர் உண்டு, தரகர் உண்டு, பணம் கண்டவுடன் வண்டி வாங்கிக் குடித்துக் களிக்கும் உழவர் உண்டு. வரைபடம் இல்லை. அதனால் வீழ்ச்சிக்குக் காரணம் தேடும் பார்வையாளன் இரண்டில் ஒன்றைத்தான் கண்டடைகிறான்: வாங்கியவனின் வஞ்சம், அல்லது விற்றவனின் ஊதாரித்தனம். நிலத்தை விற்காதீர் என்ற அறிவுரையாகவே படம் மராத்திய நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு இதுவே காரணம். அறிவுரை நல்லதுதான். ஆனால் சுற்றிலும் மண்டலம் மாறிவிட்ட ஒருவர் விற்காமல் இருப்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும், அவ்விலையை யார் ஈடுசெய்வார் என்னும் வினாவுக்கு அறிவுரையில் விடை இல்லை. காரணம் தனிமனிதரிடம் குறுகிவிட்டபின் தீர்வும் தனிமனிதரின் கைத்துப்பாக்கியில் வந்து நிற்கிறது. மேலே சுட்டிய சரிவின் விதை இதுவே.

‘ஏறுவெயில்’ இவ்வகையில் மேம்பட்டு நிற்கிறது. அது காரணம் தேடி அலைவதில்லை. நிலம் போனதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டு, போனபின் குடும்பம் என்னும் அமைப்பு உள்ளிருந்து எவ்வாறு குலைகிறது என்பதைப் பின்தொடர்கிறது. வில்லன் தேவைப்படாத நாவல் அது. எனினும் அதிலும் நில வகைமாற்றம் ஒரு நிகழ்வாக அன்றி நேர்ந்துவிட்ட ஒன்றாகவே நிற்கிறது. சிறுவனின் நோக்குநிலையைத் தேர்ந்துகொண்டதால் இது இயல்பே. சிறுவனுக்கு இயந்திரம் தெரியும், இழந்த மரம் தெரியும், ஆணை தெரியாது. நோக்குநிலை தந்த வலிமையே நோக்குநிலை விதித்த எல்லையும் ஆயிற்று.

உரியவரும் உழுதவரும்

இரு படைப்புகளையும் பற்றி எழுப்பத்தக்க கடுமையான வினா வேறொன்று. நிலம் இழந்தவர் யார் என்று கேட்டால் இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன: நிலத்துக்கு உரியவர். நிலத்தில் கூலிக்கு உழைத்தவருக்கு அந்நிலம் போனபோது என்ன ஆயிற்று என்பது கதையின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. சகாராம் பாட்டீலாக இருந்தவர் என்பதே படத்தின் துயரத்துக்கு உயரம் தருகிறது. உயரத்திலிருந்து விழுந்ததால்தான் அது வீழ்ச்சி. தொடக்கத்திலேயே தரையில் இருந்தவருக்குக் கதை இல்லை.

இவ்விடத்தில் முள்ஷியின் பழைய வரலாறு துணைக்கு வருகிறது. முள்ஷி என்ற பெயர் இந்திய வரலாற்றில் இடம்பெற்றது அடியாட்களால் அன்று. மும்பைக்கு மின்சாரம் வழங்க டாட்டா நிறுவனம் முளா, நீளா ஆறுகள் கூடுமிடத்தில் அணை கட்ட முற்பட்டபோது 1921 ஏப்ரலில் அங்கு அறப்போர் தொடங்கியது. பாண்டுரங்க மகாதேவ பாபட் அதனால்தான் ‘சேனாபதி’ என்னும் அடைபெற்றார். 1924 அளவில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. அப்போராட்டத்தை விரிவாக ஆராய்ந்த ராஜேந்திர வோரா எடுத்துக்காட்டும் செய்திகளுள் ஒன்று இவ்விரு படைப்புகளின் ஆய்வுக்கும் மிகவும் வேண்டப்படுவது. அப்பள்ளத்தாக்கின் நிலங்களில் பெரும்பகுதி கடன் வழியே புனே நகரத்து வட்டிக்கடைக்காரர் கைகளில் இருந்தது. இழப்பீட்டுத் தொகை பேசப்பட்டபோது அவர்கள் பெற்றுக்கொள்ள இசைந்தனர். உழுதுகொண்டிருந்த மாவளர்கள் தனித்து விடப்பட்டனர். நிலத்துக்கு உரியவரும் நிலத்தில் வாழ்பவரும் ஒருவரல்லர் என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே முள்ஷி காட்டிவிட்டது. பின்னாளில் குத்தகைச் சட்டம் 1948 இல் வந்து, 1957 ஏப்ரல் முதல் நாளை உழுபவர் உரிமையாளராகும் நாளாக அறிவித்தது. அதனால் உரிமை பெற்ற குடும்பங்களும் உண்டு, பெயர் பதிவாகாமையால் பெறாதவையும் உண்டு. இன்று சகாராம்கள் விற்கும் நிலத்தின் அடியில் இவ்வளவு அடுக்குகள் கிடக்கின்றன. ‘முள்ஷி பேட்டர்ன்’ என்று ஊர்ப் பெயரைத் தலைப்பில் தாங்கிய படம் முள்ஷியின் முதல் நிலமிழப்பைத் தன் நினைவில் கொண்டிருப்பின் அதன் பொருள் எல்லை விரிந்திருக்கும்.

உரிமையாளர் தோற்பது தவிர்க்க இயலாதது என்ற எண்ணத்தை இப்படைப்புகள் விதைக்கின்றன. அதற்கு மறுப்பாகப் புனேயிலேயே ஒரு நேர்வு உண்டு. நகரின் கிழக்கே ஹடப்சர் அருகில் மகர்பட்டா என்னுமிடத்தில் ஏறக்குறைய 120 உழவர் குடும்பங்கள், பெரும்பாலும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை, தம் 400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஒன்றுசேர்த்து, சதீஷ் மகர் தலைமையில் நிறுவனம் அமைத்தன. 1982 ஆம் ஆண்டின் வரைவுத் திட்டத்தில் அந்நிலம் வருங்கால நகர விரிவுக்கு உரியதெனக் குறிக்கப்பட்டதை அவர்கள் அறிந்திருந்தனர். நில அளவுக்கேற்பப் பங்குகள் பிரிக்கப்பட்டன. 2000 ஆம் ஆண்டில் கட்டுமானம் தொடங்கியது. நிலம் விற்கப்படவில்லை, அதன்மேல் எழுந்த வீடும் அலுவலகமும் விற்கவும் வாடகைக்கு விடவும்பட்டன. சகாராமுக்கும் மகர்பட்டா உழவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒழுக்கத்தில் இல்லை. ஒருவர் வரைபடத்தைப் பார்த்திருந்தார், ஒருவர் பார்க்கவில்லை. ஒருவர் உறவினரோடு சேர்ந்து நின்றார், ஒருவர் தனித்து விற்றார்.

மகர்பட்டாவைப் போற்றி எழுதுவோர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். அங்கும் முன்பு கூலிக்கு வந்தவரிடம் பங்காக்குவதற்கு நிலம் இல்லை. அங்கு எழுந்த அடுக்ககங்கள் தகவல் தொழில்நுட்பத் துறையில் ஊதியம் பெறுவோருக்கு ஏற்ற விலையின; அங்கு துப்புரவு செய்வோரும் சமைப்போரும் காவல் காப்போரும் வேறிடத்திலிருந்து வந்து செல்கின்றனர். உழவர் நகரை ஆண்டார் என்பது மெய். உழைப்பவர்க்கு நகரில் இடம் கிடைத்தது என்பது அதனால் பெறப்படுவதன்று.

சந்தை வளாகமும் எரவடாவும்

படத்தின் இரண்டாம் களமான சந்தை வளாகம் குல்தேக்டியில் உள்ளது. ராகுலின் குடும்பம் அங்கு வந்து சேர்வது கதையில் அடிவீழ்ச்சியாகச் சித்திரிக்கப்படுகிறது. மூட்டை தூக்குவது இழிவு, அவ்விழிவே மகனை வன்முறைக்குத் தள்ளுகிறது என்பது திரைக்கதையின் தருக்கம். ஆனால் புனே நகரின் சுமைதூக்குவோர் இந்திய உழைப்பாளர் வரலாற்றில் அறியப்பட்டவர்கள். பாபா ஆடாவ் வழிகாட்டலில் ஹமால் பஞ்சாயத்து என்னும் அமைப்பாகத் திரண்டவர்கள் அவர்கள். சுமைதூக்குவோரின் கூலியையும் சேமநலனையும் ஒழுங்குபடுத்தும் மகாராட்டிரச் சட்டம் 1969 இல் வந்தது. சந்தையை ஒட்டி ஹமால் நகர் என்ற பெயரில் அவர்களுக்கெனக் குடியிருப்பும் உருவாயிற்று. நிலமற்றவர் நகரில் வீடு பெற்றதற்குச் சகாராமின் கண்ணெதிரே சான்று இருந்திருக்கிறது. கூட்டாகத் திரண்ட மூட்டைதூக்கியை விடத் தனித்துத் துப்பாக்கி ஏந்திய மூட்டைதூக்கி திரைக்கு ஏற்றவன் என்பதால் அச்சான்று விடுபட்டது போலும். இது வரலாற்றுப் பிழை என்று சொல்வதினும் தேர்வு என்று சொல்வதே பொருந்தும், தேர்வும் திறனாய்வுக்குரியதே.

நகரின் ஏழையர் குடியிருப்புக்கு அரசு கண்ட வழிகளில் ஒன்றை மட்டும் இங்கு சற்று விரிவாகக் காணலாம். 2005 திசம்பரில் தொடங்கிய சவகர்லால் நேரு தேசிய நகரப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ், எரவடாப் பகுதியின் சில குடிசைப் பகுதிகளில், இருந்த இடத்திலேயே வீடுகளைத் திருத்திக் கட்டும் முயற்சி நடைபெற்றது. மகிளா மிலன் என்னும் பெண்கள் அமைப்பும் ஸ்பார்க் நிறுவனமும் அதில் பங்கேற்றன. கட்டடக்கலைஞர் பிரசன்ன தேசாய் வடிவமைப்பில் ஈடுபட்டார். கச்சா வீடுகள் மட்டும் இடிக்கப்பட்டன. முன்பே உறுதியாகக் கட்டப்பட்டிருந்தவை நின்றன. ஒவ்வொரு வீடும் ஏறத்தாழ 270 சதுர அடி. செலவில் பத்து விழுக்காடு குடும்பத்தின் பங்கு. சந்து சந்தாகவே இருந்தது. அடுத்த வீட்டார் அடுத்த வீட்டாராகவே இருந்தனர். அடி நிலம் மிகச் சிறிதாக இருந்த இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து மேலே எழுப்பிப் பங்கிட்டுக்கொண்டதும் உண்டு. அடுக்ககத்துக்கு மொத்தமாகப் பெயர்க்கும் வழியில் நிலம் விடுபட்டு அதன் கட்டுமான உரிமை சந்தைக்கு வரும், இவ்வழியில் வராது. குறைந்த எண்ணிக்கையிலேயே இம்முறை நின்றுவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. 2005 இல் புனேக்கெனத் தோற்றுவிக்கப்பட்ட குடிசைப்பகுதி மறுவாழ்வு ஆணையத்தின் வழி மற்றையது. தனியார் கட்டுநர் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு கட்டித் தந்து, ஈடாக விற்பனைக்குரிய தளப்பரப்பைப் பெறுகிறார். நிலத்தின் விலை உயர்ந்த இடத்தில் அவர் வருவார். தாழ்ந்த இடத்தில் வரமாட்டார்.

மண்டல விதிகள் எல்லாம் ஏழையரை விலக்கவே வந்தவை என்ற முடிவும் பொருந்தாது. நகரைச் சூழ்ந்த குன்றுகள் இன்றும் ஓரளவு பசுமையாக நிற்பது பல்லுயிர்ப் பூங்கா என்ற ஒதுக்கீட்டால்தான். 1997 இல் இணைந்த சிற்றூர்களில் 978 எக்டேர் பரப்புக்கு அவ்வொதுக்கீட்டை அரசு 2015 இல் ஏற்றது. குன்றின்மேல் கட்ட இசைந்திருந்தால் வீடுகள் மலிந்திருக்கும் என்று வாதிடுவோர் லவாசாவின் விலையை நோக்கவேண்டும். தட்டுப்பாட்டைக் காட்டி மலையைத் திறந்தவர் மலையின்மேல் கட்டியது எளியோருக்கான வீடன்று.

எளியோருக்கெனத் தனி விதி இல்லாமல் இல்லை. 2013 நவம்பரில் மகாராட்டிர அரசு, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை உள்ள நகரங்களில் 4,000 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளில் கட்டுவோர் இருபது விழுக்காட்டைப் பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கும் தாழ் வருவாய்ப் பிரிவினர்க்கும் ஒதுக்க வேண்டும் என்றது. 30 முதல் 50 சதுர மீட்டர் வரையிலான அவ்வீடுகள் மாநில வீட்டுவசதி ஆணையத்தின் குலுக்கல் வழியே வழங்கப்படுகின்றன. 2020 திசம்பரில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளிலும் இது தொடர்கிறது. கட்டுநருக்கு அப்பரப்பு கூடுதல் குறியீடாக ஈடுசெய்யப்படுகிறது. நல்ல விதி. எனினும் குலுக்கலில் பெயர் வந்தவர் வருமானச் சான்று தரவேண்டும், முன்பணம் கட்டவேண்டும், வங்கிக் கடன் பெறவேண்டும். மூட்டைக்குக் கூலி பெறுபவருக்கு இம்மூன்றும் எளிதல்ல.

கதையின் நடுவே இல்லாதவர்

இரு படைப்புகளிலும் வாடகைக்கு இருப்பவர் கதையின் நடுவே இல்லை. இது தற்செயலன்று. தமிழில் வாடகை வாழ்வுக்கு வேறொரு மரபு இருக்கிறது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் ஒண்டுக் குடித்தனக்காரரின் வாழ்வு குடிநீருக்கான காத்திருப்பாகவும் வீட்டுக்கார அம்மாளின் தயவாகவும் சுருங்கி நிற்பதைக் காணலாம். நிலமிழந்தோர் கதை சிற்றூரிலிருந்து புறப்படுகிறது. குடித்தனக்காரர் கதை நகரின் உள்ளே நிகழ்கிறது. முன்னது வட்டார இலக்கியம் எனவும் பின்னது நகர்ப்புற இலக்கியம் எனவும் பாடத்திட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. ஒரே நிலத்தின் இரு முனைகள் இவை என்று படிக்கும் பழக்கம் உருவாகவில்லை. உழவர் இழந்த ஏக்கரில் எழுந்த வீட்டின் ஓர் அறையில்தான் மாதவாடகைக்கு ஒருவர் வந்து அமர்கிறார். புனேயில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பதினோரு மாத உரிம ஒப்பந்தம். 1999 ஆம் ஆண்டின் மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமதாரருக்கு வாடகைதாரருக்குரிய காப்பை அளிப்பதில்லை. மறுபுறம், பேட்டைகளின் பழைய வாடாக்களில் தலைமுறைகளாகச் சிறு வாடகையில் இருப்போர் காப்புப் பெற்றிருந்தும் இடிந்துவிழும் சுவருக்கு அடியில் இருக்கின்றனர். அவ்வாடகையில் பழுதுபார்க்க உரிமையாளர் முன்வருவதில்லை.

‘ஏறுவெயிலின்’ நோக்குநிலை செல்வனுடையது ஆதலின் குடியிருப்பில் குடியேறியவர்கள் அவன் கண்ணில் பட்ட அளவே வாசகருக்கும் தெரிகின்றனர். அவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள், தவணை கட்டுபவர்கள், ஒருவேளை வேறொரு நிலத்தை விட்டு வந்தவர்கள். அவர்களை முதன்மைப்படுத்திய மற்றொரு நாவல் எழுதப்படும்போதுதான் ‘ஏறுவெயில்’ விட்ட இடம் நிரம்பும். ‘முள்ஷி பேட்டர்ன்’ இதற்கு ஒருபடி அருகில் வந்துவிட்டு விலகுகிறது. நிலம் விற்ற சகாராமே நகரில் வீடு தேடுபவராகவும் மாறுகிறார். இரு மரபுகளும் ஒரே உடலில் கூடும் இடம் அது. ஏழு–பன்னிரண்டு படிவத்திலிருந்து அவர் பெயர் நீங்கிவிட்டது. குடிசைப் பகுதி மறுவாழ்வுக்கு இலவச வீடு பெற 2000 சனவரி முதல் நாளுக்கு முன்னரே அங்கு இருந்தமைக்குச் சான்று வேண்டும். பின்னர் வந்தவரிடம் அது இராது. குலுக்கலுக்கு வருமானச் சான்று வேண்டும். அதுவும் அவரிடம் இராது. மேலே சொன்ன எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத அந்த ஆண்டுகளில்தான் படத்தின் இரண்டாம் பகுதி முழுவதும் நிகழ்கிறது.